வீண் நீரும் விளையாட்டு நீரும்

அறநூல்களைக் கற்பது எளிது. கற்றதை அன்றாட வாழ்வின் ஒரு சிறு நிகழ்ச்சிக்குப் பொருத்திப் பார்ப்பதே அரிது. பெரும் பாவங்கள் தம்மைத் தாமே அடையாளம் காட்டிக் கொள்கின்றன. கொலையும் களவும் பொய்யும் தீயவை என்பதை ஒருவர் நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால், விடுமுறை நாளில் பேரக்குழந்தைகளை நீர்விளையாட்டுப் பூங்காவிற்கு அழைத்துச் செல்லலாமா, ஆகாதா என்னும் எளிய வினா எழும்போது, நாம் கற்ற விரதங்களெல்லாம் நம்மை ஏறிட்டு நோக்குகின்றன. விடை கூற இயலாமல் தடுமாறுகிறோம்.

இத்தடுமாற்றம் எனக்கு நேர்ந்தது. அதற்கு நான் முதலில் கண்ட விடை தவறு என்பதை உணரச் சில ஆண்டுகள் ஆயின. அதனை நல்லறத்தார் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கோடையும் ஒரு கேள்வியும்

வந்தவாசி வட்டத்துச் சிற்றூரில் பிறந்த நான், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணியின் பொருட்டு, 1996ஆம் ஆண்டில் அயனம்பாக்கத்தில் குடியேறினேன். அந்நாளில் மாலை வேளையில் ஏரிக்கரையில் நடந்தால் ஒருபுறம் நீரும் மறுபுறம் நெல் வயலும் தோன்றும். மதகு திறக்கும் ஓசை கேட்டால் எனக்குப் பிறந்த ஊர் நினைவு வரும். பின்னர் வயல்கள் மனைகளாயின, மனைகள் அடுக்ககங்களாயின. ஏரி எஞ்சி நிற்கிறது. அதன் நீரை எதிர்நோக்கும் பயிர்தான் இல்லை.

2019ஆம் ஆண்டுக் கோடையைச் சென்னையில் வாழ்ந்தோர் எவரும் மறந்திருக்க இயலாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. உணவகங்கள் சில கதவடைத்தன. அலுவலகங்கள் சில, பணியாளர்களை வீட்டிலிருந்தே பணியாற்றுமாறு பணித்தன. ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டி வண்டிகளில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீரைச் சுமந்து கொண்டு முதல் இரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அது ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்து வந்த இரயில். நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் இருப்புப் பாதையிலேயே நமக்குக் குடிநீர் வந்தது.

அக்கோடையின் மே மாதத்தில், எட்டு வயதான என் பேத்தி ஒரு நாள் என்னிடம் வந்தாள். வகுப்புத் தோழியர் சிலர் பெற்றோருடன் நீர்விளையாட்டுப் பூங்காவிற்குச் செல்கிறார்கள். அங்கே கடலைப் போலவே அலை எழும் ஒரு குளம் உண்டு. தானும் செல்ல வேண்டும் என்றாள். நான் கடிந்து கொண்டேன். "ஊரே ஒரு குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிறது. உனக்கு அதில் குதித்து விளையாட வேண்டுமா? நீரும் உயிர்தான் என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்?" என்றேன். குழந்தை மறுமொழி கூறாமல் உள்ளே சென்று விட்டாள். அறத்தைக் காத்து விட்டதாக என் உள்ளம் நிறைவெய்தியது.

அன்று மாலையே எங்கள் அடுக்ககத்திற்கு 12,000 லிட்டர் டேங்கர் லாரி வந்தது. தரைக்கீழ்த் தொட்டியில் சிறிது நீர் எஞ்சியிருந்ததை எவரும் கவனிக்கவில்லை. குழாய் மாட்டப்பட்டது, தொட்டி நிறைந்தது, நிறைந்த பின்னும் நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மீதியை லாரியிலேயே நிறுத்திவைக்க ஓட்டுநருக்கு நேரமில்லை. வாயிலைக் கடந்து தெருவில் ஓடி, சாக்கடையில் கலந்தது அந்நீர். மேல்மாடத்தில் நின்று அதனைப் பார்த்துக் கொண்டிருந்த குழந்தை என் பக்கம் திரும்பி, "தாத்தா, இந்தத் தண்ணீருக்கு உயிர் இல்லையா?" என்று கேட்டாள்.

அவள் என்னை எள்ளவில்லை. மெய்யாகவே அறிய விரும்பித்தான் கேட்டாள். என்னிடம் விடையில்லை.

நூல்கள் கூறுவது யாது?

உயிர்களை இயங்குவன, நிலைத்திணை என இருவகையாகப் பகுத்த நம் ஆசாரியர்கள், நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தையும் உடலாகக் கொண்டு வாழும் ஓரறிவுயிர்களை நிலைத்திணையில் சேர்த்தனர். நீரில் வாழும் புழு பூச்சிகளைப் பற்றி மட்டும் அவர்கள் கவலை கொள்ளவில்லை. நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்பதே அவர்கள் கொள்கை. துறவியர்க்கு இவ்வுயிர்களின் துன்பமும் முற்றும் விலக்கத்தக்கது. இல்லறத்தார்க்கு அஃது இயலாது. உண்ணவும் குடிக்கவும் குளிக்கவும் பயிர் செய்யவும் நீர் வேண்டும். ஆதலின், இயங்கும் உயிர்களுக்குத் தீங்கு நினையாதிருத்தலும், நிலைத்திணை உயிர்களிடத்துத் தேவைக்கு மேல் கை வையாதிருத்தலும் சிராவகர்க்கு உரிய நெறியாயிற்று.

தேவைக்கு மேல் என்பதை எவ்வாறு வரையறுப்பது? இவ்விடத்தில்தான் குணவிரதங்கள் துணை நிற்கின்றன. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் திக்விரதம், அனர்த்த தண்ட விரதம், போகோபபோக பரிமாண விரதம் என மூன்றினைக் கூறுகிறார். தமிழில் அருங்கலச்செப்பும் அந்நூலின் வழிச் செல்வதே. இவற்றுள் அனர்த்த தண்டம் என்பது பயனின்றிச் செய்யும் தீங்கு. அதன் ஐந்து வகைகளில் ஒன்று பிரமாத சரியை, அதாவது கவனமற்ற நடத்தை. பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைக் கலக்குதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடி கொடிகளை வெட்டுதல், வீணே அலைதல், பிறரை அலைத்தல் ஆகியவை அதில் அடங்கும்.

நீரைக் கலக்குதல் என்பதைப் படிக்கும்போதே அலைக்குளம் நம் கண் முன் நிற்கிறது. கலக்குவதற்கென்றே கட்டப்பட்ட குளம் அன்றோ அது? ஆயினும், ஆசாரியர் 'பயனின்றி' என்னும் ஒரு சொல்லை அங்கே வைத்திருக்கிறார். அச்சொல் இல்லையேல் விரதம் எளிதாக முடிந்திருக்கும். அது இருப்பதனாலேயே நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஒரு குழந்தையின் மகிழ்ச்சி பயனா, பயனன்றா? இதுவே நம் முன் நிற்கும் வினா.

எங்கள் வாராந்தரச் சுவாத்தியாயக் கூட்டத்தில் இவ்வினாவை எழுப்பினேன். முதியவர் ஒருவர், "புலன் இன்பம் எதுவும் பயனாகாது, அது வினையை வளர்ப்பது" என்றார். என் மகனோ, "அப்பா, நீங்கள் சிறுவயதில் ஊர்க் கிணற்றில் குதித்ததில்லையா? அந்தக் கிணறு கலங்கவில்லையா?" என்று கேட்டான். குதித்தவன்தான் நான். மதிய வேளையில் கமலைக் கிணற்றின் மேல்விளிம்பிலிருந்து குதித்து, நீந்தக் கற்று, ஒரு முறை மூழ்கவிருந்த என் தம்பியைக் கரை சேர்த்தவனும் நானே. அது பயனற்ற கலக்கம் என்று என்னால் உறுதியாகக் கூற இயலவில்லை.

பாலையில் எழுந்த அலை

நிற்க. அலைக்குளம் என்பது எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். ஐரோப்பாவில் புடாபெஸ்ட் நகரத்து கெல்லெர்ட் நீராடு நிலையத்தில் 1927ஆம் ஆண்டிலேயே செயற்கை அலை எழுப்பும் குளம் அமைக்கப்பட்டது. எனினும், இன்று நாம் காணும் பெரும் அலைக்குளங்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுவது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில் 1969ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 'பிக் சர்ஃப்' என்னும் பூங்கா. பில் டெக்ஸ்டர் என்னும் பொறியாளர் அதனை வடிவமைத்தார். குளத்தின் பின்புறத்தில் உயரமான தொட்டியில் நீரை ஏற்றி, அடியிலுள்ள கதவுகளைத் திறந்து ஒரே வீச்சில் இறக்கினால், ஆளுயர அலை எழுந்து கரை நோக்கிப் பாயும். அக்குளத்தின் கொள்ளளவு 25 லட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ 95 லட்சம் லிட்டர். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2013ஆம் ஆண்டில் அதனை ஒரு வரலாற்றுச் சின்னமாக அறிவித்துச் சிறப்பித்தது. 2019ஆம் ஆண்டிற்குப் பின் அப்பூங்கா திறக்கப்படவில்லை.

டெம்பி ஒரு பாலைநிலத்து நகர். அப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். நம் சென்னையின் ஆண்டு மழையோ ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஏழு மடங்கு மழை பெறும் நாம் 2019ஆம் ஆண்டில் இரயிலில் நீர் கொணர்ந்தோம். பாலையை வானம் மட்டுமே உண்டாக்குவதில்லை என்பது இதனால் புலனாகும்.

நம் பக்கத்தில் இத்தகைய பூங்காக்களுக்கு வழி வகுத்தவற்றுள் ஒன்று தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தா. 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்னும் முப்பரிமாணத் திரைப்படத்தை 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நவோதயா அப்பச்சன் அதனை 1995ஆம் ஆண்டு தொடங்கினார். மேற்குச் சென்னையார்க்கு அணித்தாக, பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கத்தின் அருகே குயின்ஸ்லேண்ட் பூங்கா 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. என் பேத்தி 2019ஆம் ஆண்டில் கேட்டதும் அப்பூங்காவைத்தான்.

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் பெருமழையைக் கொட்டிச் சென்றது. ஏரிகளில் நீர் பெருகிற்று. அம்மாத இறுதியில் அரையாண்டு விடுமுறை வந்தது. இம்முறை பூங்காவிற்குச் செல்ல விரும்பியவன் ஏழு வயதுப் பேரன். பேத்தியை அழைத்தபோது, "தம்பி போகட்டும் தாத்தா. நான் வந்தால் பாவம் இல்லையா?" என்றாள்.

அச்சொல் என்னைச் சுட்டது. அதில் கோபமில்லை; அச்சமே இருந்தது. அஹிம்சையைக் கற்பித்ததாக எண்ணிய நான், குழந்தைக்கு அச்சத்தையே கற்பித்திருக்கிறேன். விழிப்பு வேறு, அச்சம் வேறு. விழிப்புடையவன் பார்க்கிறான், அஞ்சுபவன் கண்ணை மூடிக் கொள்கிறான். அறம் கண்ணை மூடச் சொல்வதன்று. "வா அம்மா, இருவரும் போய்ப் பார்ப்போம். பார்த்த பின் நீயே சொல்" என்றேன்.

பூந்தமல்லிக்கு அப்பால் ஓரிடத்தில் சாலையோரத்துப் பம்பு கொட்டகையின் முன் டேங்கர் லாரிகள் வரிசையில் நின்றன. தடித்த குழாயிலிருந்து நீர் பாய்ந்து கொண்டிருந்தது. பக்கத்து நிலம் தரிசாகக் கிடந்தது. எங்கள் வீட்டு வாயிலில் நாங்கள் கண்ட நீரின் மறுமுனை அது. பேத்தி அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

பூங்காவில், சங்கொலி எழுந்ததும் அலைக்குளத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது. இவ்வகைக் குளங்கள் பலவற்றில், ஆழமான பக்கத்துச் சுவரின் பின்னே அறைகள் இருக்கும். பெரும் விசிறிகள் அவ்வறைகளுக்குள் காற்றைச் செலுத்தி நீரை அழுத்தும், பின் விடுவிக்கும். அழுத்தி விடுவிக்க, அழுத்தி விடுவிக்க, நீர் ஊசலாடி அலையாகிறது. கரை சரிவாக அமைந்திருப்பதனால், அலை நெருங்க நெருங்க உயர்ந்து உடைகிறது. பேரன் முதலிலேயே இறங்கி விட்டான். பேத்தி விளிம்பில் கால் நனைத்து நின்றாள். சற்று நேரத்தில், அலைக்கு அஞ்சி அழத் தொடங்கிய தம்பியின் கையைப் பற்றிக் கொண்டு அவளும் இறங்கினாள். அடுத்த அலையில் இருவரும் சேர்ந்து எழும்பினர். அவள் சிரித்தாள். ஐந்தாண்டுகளில் அவள் அவ்வாறு சிரித்து நான் கண்டதில்லை என்று சொன்னால் மிகையாகலாம். ஆயினும் அப்போது எனக்கு அவ்வாறே தோன்றிற்று.

ஒரு சிறு கணக்கு

வீடு திரும்பிய பின் நாங்கள் இருவரும் அமர்ந்து ஒரு கணக்குப் போட்டோம். அலைக்குளத்து நீர் நாள்தோறும் மாற்றப்படுவதன்று. வடிப்பான்களின் வழியே சென்று தூய்மை பெற்று மீண்டும் அதே குளத்திற்கு வருவது. ஆனால் இழப்பு இல்லாமலில்லை. நம் நாட்டுக் கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும் எனக் கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். ஆகவே, 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள குளம் நாளொன்றுக்கு 7,000 லிட்டரை வானுக்கு அளிக்கிறது. சிதறுவதும், வடிப்பான்களைக் கழுவிக் கொட்டுவதும் இதற்கு மேல். சிறிய அளவன்று இது. பாதி டேங்கர் லாரிக்கும் மேல்.

அடுத்து எங்கள் வீட்டைக் கணக்கிட்டோம். மேல்தொட்டி நிறைந்த பின் வழியும் குழாயின் கீழ் 15 லிட்டர் வாளியை வைத்தோம். கால் நிமிடத்தில் நிறைந்தது. நிமிடத்திற்கு 60 லிட்டர். மோட்டாரை நிறுத்த மறந்து 20 நிமிடம் வழிந்தால் 1,200 லிட்டர். எங்கள் தெருவில் இத்தகைய அடுக்ககங்கள் ஆறு. ஒவ்வொன்றிலும் நாளுக்கு ஒரு முறை இவ்வாறு நிகழ்ந்தால் 7,200 லிட்டர்.

மேலும் ஒன்று. குடிநீருக்காக நாம் வீடுதோறும் பொருத்தியுள்ள ஆர்.ஓ. கருவி, ஒரு லிட்டர் நன்னீர் தருவதற்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் வரை கழிவாக வெளியேற்றுகிறது. நாளுக்கு 15 லிட்டர் எடுக்கும் வீடு 45 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. எங்கள் அடுக்ககத்தின் 12 வீடுகளையும் சேர்த்தால் 540 லிட்டர்.

ஓர் அலைக்குளம் ஒரு கோடை நாளில் இழப்பதும், எங்கள் ஒரு தெரு ஒரு நாளில் மறதியால் இழப்பதும் ஏறத்தாழச் சமம். வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே நூற்றுக்கணக்கான குழந்தைகள் சிரிக்கின்றனர். இங்கே எவரும் சிரிப்பதில்லை, எவரும் அறிவதுமில்லை. ஆசாரியர் 'பயனின்றி' என்று கூறியது எதனை என்பது இப்போது எனக்கு விளங்கிற்று. அனர்த்த தண்டத்தைத் தேடி நான் பூந்தமல்லி வரை சென்றிருக்கிறேன். அது என் தலைக்கு மேல், மொட்டை மாடியில் நாள்தோறும் வழிந்து கொண்டிருந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. நம் வீட்டுக் குற்றம் பெரிதென்பதனால் பூங்காவின் குற்றம் இல்லையென்றாகி விடாது. ஒரு தீங்கைக் காட்டி மற்றொன்றை மறைப்பது நியாயமன்று. மேலும், இப்பூங்காக்களில் கூட்டம் மிகுவது ஏப்ரல், மே மாதங்களில்தான். ஏரிகள் வற்றுவதும் அம்மாதங்களில்தான். வெயில் ஏற ஏற நீரில் விளையாடும் ஆசையும் ஏறுகிறது. விளையாட உரிய நீரோ குறைகிறது. இம்முரண்பாட்டை எந்தக் கணக்கும் தீர்த்து விடாது.

எடுத்த இடத்தில் சேர்த்தல்

என் தாயார் கிணற்று நீரை இரட்டையாக மடித்த வெண்துணியில் வடிகட்டியே பயன்படுத்துவார். வடித்த நீர் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் வரை கொள்ளத்தக்கது. பின் மீண்டும் வடிக்க வேண்டும் என்பது அவர் கற்ற முறை. இதனை நம்மவர் யாவரும் அறிவர். ஆனால், அதற்கடுத்து அவர் செய்த ஒரு செயலை நாம் மறந்து வருகிறோம். துணியில் தங்கியதைத் தரையில் உதற மாட்டார். துணியைப் புறம் திருப்பி, சிறிது வடித்த நீரை அதன் மேல் ஊற்றி, அந்நீரை வாளியில் ஏந்தி, அதே கிணற்றில் மெல்ல இறக்கி விடுவார். வேறு கிணற்றிலும் விடக் கூடாது. எந்த நீரில் பிறந்தனவோ அந்நீரிலேயே அவ்வுயிர்கள் வாழ வேண்டும் என்பது அம்முறையின் உட்பொருள்.

வடித்தல் நமக்காக, திருப்பிச் சேர்த்தல் உயிர்களுக்காக. முதற்பாதியை நாம் வைத்துக் கொண்டோம். இன்று துணிக்குப் பதில் கருவி வந்துள்ளது. பிற்பாதியைக் கைவிட்டோம். பேத்தியிடம் இதனைக் கூறியபோது அவள் கேட்டாள்: "லாரித் தண்ணீரை எந்தக் கிணற்றில் திருப்பி விடுவது தாத்தா?"

மிகச் சரியான கேள்வி. லாரியில் வரும் நீர் எந்த ஊர்க் கிணற்றினது என்பதை நாம் அறியோம். அறியாத கிணற்றுக்கு எதனைத் திருப்பிச் செலுத்த இயலும்? 'தத்துவார்த்த சூத்திரம்' ஹிம்சையை வரையறுக்கும்போது, கவனமற்ற மனமொழிமெய்ச் செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே ஹிம்சை என்னும் கருத்தில் கூறுகிறது. கவனமின்மை அங்கே முதலிடம் பெறுகிறது. விலை கொடுத்து வாங்கும் நீர் நம்மை அக்கவனமின்மைக்குள் ஆழ்த்துகிறது. பணம் கொடுத்து விட்டோம், ஆகவே கடன் தீர்ந்தது என எண்ணுகிறோம். லாரிக்காரரின் கடன் தீர்ந்திருக்கலாம்; கிணற்றின் கடன் தீரவில்லை. அப்பக்கத்துத் தரிசு நிலத்தின் கடனும் தீரவில்லை.

ஆயினும் ஒரு வழி உண்டு. நிலத்தடி நீர் வேலி கட்டிய சொத்தன்று. நம் மாடியில் விழும் மழையை நம் மண்ணுக்குள் இறக்கினால், நாம் எடுத்ததில் ஒரு பங்கையேனும் பூமிக்குத் திருப்பியவராவோம். அடுத்த கோடையில் அயலூர்க் கிணற்றின் மேல் நாம் வைக்கும் சுமை அவ்வளவுக்குக் குறையும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் அடுக்ககத்திலும் குழி உண்டு. திறந்து பார்த்தோம். கூழாங்கல்லும் மணலும் தெரியாதவாறு சேறும் இலைச்சருகும் மண்டிக் கிடந்தன. மாடி நீர் குழாய் வழியே வந்து, குழியில் இறங்காமல், தெருவுக்கு ஓடிக் கொண்டிருந்தது. சட்டத்திற்குக் குழி இருந்தது. நீருக்கு வழி இல்லை. எத்தனை விரதங்களை நாம் இவ்வாறு வைத்திருக்கிறோம் என எண்ணிப் பார்த்தேன்.

அளவும் காலமும்

இனி, தொடங்கிய வினாவிற்கு வருவோம். குழந்தையின் மகிழ்ச்சி பயனா? நம் அநேகாந்தக் கொள்கை ஒரு பொருளை ஒரு நோக்கில் மட்டும் காண வேண்டா என்கிறது. துறவியின் நோக்கில் அலைக்குளம் தேவையற்ற கலக்கமே, அதில் ஐயமில்லை. இல்லறத்தார் நோக்கில், உடலுக்குப் பயிற்சியும், அஞ்சிய தம்பியின் கையைப் பற்றும் அன்பும், ஆண்டிற்கொரு நாள் குடும்பம் கூடி மகிழ்தலும் பயனற்றவை எனத் தள்ளத்தக்கன அல்ல. நீரின்றி வாடும் அயலூர் உழவரின் நோக்கில், அதே நீர் மே மாதத்தில் ஒரு பயிரின் உயிர். இம்மூன்றும் உண்மையே. மூன்றையும் ஒருசேர மனத்தில் கொண்டு நடப்பவனே விழிப்புடையவன்.

அவ்வாறு நடக்கப் போகோபபோக பரிமாண விரதம் வழி காட்டுகிறது. துய்ப்பதனை முற்றும் துறக்க இயலாதவன், அதற்கு முன்கூட்டியே ஓர் அளவு வகுத்துக் கொள்ள வேண்டும் என்பதே அவ்விரதம். வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். காலவரை வகுத்து ஏற்பது நியமம். அக்காலவரையை ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம், ஓர் அயனம் என ஆசாரியர் அடுக்குகிறார். அயனம் என்பது ஆறு திங்கள். எங்கள் ஊர்ப் பெயருக்குப் பொருள் வேறாக இருக்கலாம்; எனினும் அச்சொல்லைப் படித்தபோது அது எங்களுக்கென்றே வைக்கப்பட்டது போல் தோன்றியது.

நாங்கள் வீட்டில் கூடி வகுத்துக் கொண்ட நியமம் இதுவே. தை முதல் ஆனி வரையிலான உத்தராயணத்தில், வறட்சி மிகும் அவ்வாறு திங்களில், நீர்விளையாட்டு இல்லை. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகள் நிறைந்த பின், மார்கழிக்குள் ஒரு முறை மட்டும் செல்லலாம். மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை. செல்வதற்கு முன் மழைநீர்க் குழி தூர்வாரப்பட்டிருக்க வேண்டும். மேல்தொட்டியில் நீர் நிறைந்ததும் ஒலிக்கும் மணி பொருத்தினோம். ஆர்.ஓ. கழிவு நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் கொள்கிறோம். அடுக்ககத்தார் அனைவரும் உடன்பட்டனர் என்று கூற இயலாது. ஐந்து வீட்டார் உடன்பட்டனர், பேசிக் கொண்டிருக்கிறோம்.

2019ஆம் ஆண்டில் நான் குழந்தையிடம் 'வேண்டா' என்று கூறியது தவறன்று. அக்கோடையில் அது சரியான விடையே. ஆனால், அவளுக்கு மட்டும் விரதத்தை வைத்து, எனக்கு டேங்கர் லாரியை வைத்துக் கொண்டேன், அதுவே தவறு. பிறர் மகிழ்ச்சியில் ஹிம்சையைக் காண்பது எளிது; நம் வசதியில் அதனைக் காண்பது கடினம். ஒருவர் துறக்க வேண்டியதை மற்றொருவர் தோளில் ஏற்றுவது எந்த நூலிலும் விரதமெனக் கூறப்படவில்லை.

சிராவக அன்பர்களே! குழந்தைகள் நம்மிடம் ஒன்றைக் கேட்கும்போது, விரைந்து கடிய வேண்டா; விரைந்து இசையவும் வேண்டா. அவர்களைக் கைப்பற்றி அழைத்துச் சென்று, நீர் வரும் இடத்தையும் அது செல்லும் இடத்தையும் காட்டுங்கள். அதற்கு முன், உங்கள் மாடித் தொட்டி எப்போது நிறைகிறது, மழைநீர்க் குழி எந்நிலையில் உள்ளது என்பதை ஒரு முறை பார்த்து வாருங்கள்.

சென்ற ஐப்பசியின் முதற்பெருமழையன்று, என் பேத்தி குடையுடன் குழியருகே நின்றிருந்தாள். மாடியிலிருந்து இறங்கிய நீர் தெருவுக்கு ஓடாமல் சுழித்து மண்ணுக்குள் சென்று கொண்டிருந்தது. "தாத்தா, திருப்பி விட்டாயிற்று" என்றாள்.

வாழ்க அறம்.